கருப்பு முட்டை

எழுபத்தெட்டு.

சின்னவள் இன்னொரு முறை எண்ணினாள். பொறியின் பிளாஸ்டிக் பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே செத்துக் கிடந்த பழுப்பு நிற அந்துப்பூச்சிகளைக் குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். எண்ணிக்கை மாறவில்லை. எழுபத்தெட்டேதான்.

குச்சியைக் கீழே போட்டாள்.

எட்டு நாளாக விட்டு விட்டு மழை. வரப்பில் கால் வைத்தால் முழங்கால்வரை சேறு. இன்று திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்குத்தான் அவளால் தக்காளி வயலுக்குள் இறங்க முடிந்தது. ஐந்து பொறிகளில் இது கடைசி, வேலியோரப் பொறி. மற்ற நான்கும் பரவாயில்லை, ஐம்பதுக்குள் அடங்கிவிட்டன. இது மட்டும் எழுபத்தெட்டு! ஒரு பொறியில் நாளொன்றுக்கு எட்டுப் பூச்சிக்கு மேல் விழுந்தால் உஷாராகிவிட வேண்டும் என்பது அவள் படித்த பாடம். இங்கே நாளுக்குப் பத்து.

காய்ப்புழுவின் தாய்தகப்பன் படையெடுத்து வந்திருக்கிறது.

இந்த மூன்று ஏக்கரும் சின்னவள் கைக்கு வந்ததே ஒரு விபத்தால்தான். அவளுடைய கணவனின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து, கையுறையும் இல்லாமல் முகமூடியும் இல்லாமல், காற்றுக்கு எதிரே நின்று தெளித்தார். வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். அது நடந்து நாற்பது நாள் ஆகிறது. ‘ஆறு மாதத்துக்கு மருந்து வாடையே இவருக்கு ஆகாது’ என்று டாக்டர் சொல்லிவிட, பெரியவரின் மனைவி நேராகப் போய்த் தெளிப்பான் அறைச் சாவியைப் பிடுங்கி வந்து சின்னவள் இடுப்பில் செருகினாள். வீடே திகைத்து நின்றது.

அன்றிலிருந்து இந்த வயலில் ஒரு சொட்டு விஷம் விழவில்லை. பதிலுக்கு என்னென்னவோ வந்தன. பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டைகள் வந்தன. ஆண் பூச்சியை வாசனை காட்டி இழுக்கும் பொறிகள் வந்தன. வாராவாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கி வந்து இலைக்கடியில் கட்டும் சின்னச் சின்ன அட்டைகளும் வந்தன. அந்த அட்டையில் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குளவிகள் இருக்கும், அவை காய்ப்புழுவின் முட்டையைத் தேடிப் போய் அதற்குள்ளேயே தங்கள் முட்டையை வைத்துவிடும் என்று சின்னவள் சொன்னபோது பெரியவர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடியோடு திரிகிற அவளுக்கு ‘லென்ஸம்மா’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு, குழந்தை உணவு செய்யும் தொழிற்சாலையிலிருந்து பரிசோதகர் வருகிறார். தக்காளியில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கு ஒரு மாதிரி எடுப்பார். வியாழக்கிழமை அறுவடையின்போது இன்னொன்று எடுப்பார். இரண்டும் தேறினால், வருஷம் முழுக்க இந்த வயலின் தக்காளி அவர்களுக்குத்தான்.

ஒன்று தவறினாலும் அவ்வளவுதான்.

சின்னவள் பொறியை மூடிவிட்டுத் திரும்பினாள். வரப்பின் மறுமுனையில் பெரியவர் நின்றிருந்தார். கையில் மஞ்சள் மூடி போட்ட புத்தம் புதுப் பாட்டில்.

*

“சாவியைக் குடும்மா.”

“எதுக்கு மாமா?”

“எதுக்கா? தெளிப்பானுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப்போறேன்! மூணு நாளா அடுப்படி விளக்கைச் சுத்தி அந்தப் பூச்சிதான் பறக்குது. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பொறியில எத்தனை?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சின்னவளுக்கு அது வரவில்லை.

“இந்த மூலையில எழுபத்தெட்டு.”

பெரியவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். “எழுபத்தெட்டா! எழுபத்தெட்டை வெச்சுக்கிட்டு நீ லென்ஸும் கையுமா நிக்கிறியா? வெள்ளம் தலைக்கு மேல போனபிறகு சாண் என்ன முழம் என்ன?”

“பொறியில விழுறது ஆண் பூச்சி மாமா. முட்டை போடுறது பொண்ணு. செடியில எத்தனை முட்டை இருக்குன்னு பாக்காம எதுவும் முடிவு பண்ண முடியாது.”

“முட்டை பொரிஞ்சு, புழு காய்க்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா? அப்புறம் எந்த மருந்து போய்த் தொடும்? புழு வெச்ச தக்காளியை எந்த ஃபாக்டரிக்காரன் குழந்தைக்கு ஊட்டுவான்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் கலக்கியது. பெரியவர் கெட்டவர் இல்லை. இந்த மண்ணை அவரைப்போல நேசிப்பவர் யாரும் இல்லை. முப்பது வருஷமாக மாதத்துக்கு மூன்று முறை, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் பார்த்து மருந்தடித்தே பயிரைக் காப்பாற்றிப் பழகிய கை அது. சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்?

“மாமா, ஒரே ஒரு உதவி. அந்த பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.”

“முப்பது வருஷமா அடிக்கிறேன். எனக்கே பாட்டில் படிச்சுக் காட்டறியா? எழுத்தைப் பாரு, எறும்பு ஊர்ற மாதிரி! மனுஷன் படிக்கவா போட்டிருக்கான்?”

சின்னவள் கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

அவர் முறைத்தார். பிறகு, இவள் என்னதான் காட்டப்போகிறாள் பார்ப்போம் என்கிற வீம்பில் வாங்கினார். பாட்டிலைத் தள்ளிப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். மண்டை ஓட்டுப் படத்தைத் தாண்டினார். கையுறை, முகமூடி, நீளக்கை சட்டை எல்லாவற்றையும் தாண்டினார். ஒரு வரியில் வந்து நின்றார்.

“கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில... பதினாலு நாள்.”

“நமக்கு அறுவடை என்னிக்கு மாமா?”

“கடைக்காரன் மூணு நாள் போதும்னானே!”

“கடைக்காரர் வாயால சொன்னார். பாட்டில் எழுத்துல சொல்லுது. பரிசோதனைக் கருவி யார் பேச்சைக் கேக்கும்?”

பெரியவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனை பாட்டில் காலி செய்திருப்பார்! ஒன்றிலாவது இந்த வரியைப் படித்திருப்பாரா? முகம் லேசாகக் கறுத்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“சரி. அடிச்சா பதினாலு நாள். அடிக்கலைன்னா புழு. முன்னால போனா கடிக்கும், பின்னால போனா உதைக்கும். இப்ப என்ன சொல்றே?”

“பத்து மணி வரைக்கும் டைம் குடுங்க. ஐம்பது செடியில முட்டை எண்ணிடுறேன். நான் தோத்துட்டா சாவியை நானே கொண்டுவந்து தர்றேன்.”

பெரியவர் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“எண்ணு. நானும் எண்ணுறேன். நீ முட்டையை எண்ணு, நான் காய்ல ஓட்டையை எண்ணுறேன். இருநூறு காய். ஒண்ணைக்கூட விடமாட்டேன்!”

*

வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். கைக்கு எட்டிய செடியை எல்லாம் பார்த்தால் கணக்கு பொய்யாகிவிடும். பத்தடி நடந்து ஒரு செடி, திரும்பி இன்னொரு பத்தடி நடந்து ஒரு செடி. பூவுக்குப் பக்கத்தில், கொழுந்துக்குக் கீழே மூன்று இலை. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

சின்னவள் மூன்றாவது செடியில் குனிந்தபோது பின்னால் சேறு ‘சளக் சளக்’கென்றது. ஓரகத்தி, பெரியவரின் மனைவி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

“நீ சொல்லு, நான் எழுதறேன். ரெண்டு கைக்கு நாலு கை.”

“அக்கா, அவர் பாத்தா...”

“பாக்கட்டும். நீ ஒண்ணும் பயப்படாதே. சாவியைக் குடுத்தாலும் அவரால மருந்தடிக்க முடியாது.”

“ஏன்?”

ஓரகத்தி குரலைத் தாழ்த்தினாள். “தெளிப்பானோட மூக்கைக் கழட்டி என் பீரோல, புடவைக்கு அடியில வெச்சிருக்கேன். ஒரு மாசமாச்சு.”

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பத்து வரிசை தள்ளி, செடிக்குள் தலையை விட்டுக் காய்களைத் திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இருவரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

“சிரிக்காதேடி.” ஓரகத்தியின் குரல் மாறியது. “அவர் விழுந்த அன்னிக்கு வாயில நுரை தள்ளிச்சு. கண்ணு மணி ஊசி முனையாட்டம் சுருங்கிப்போச்சு. நான் கூப்பிடுறேன், அவருக்குக் கேக்கவே இல்லை. இருபத்தாறு வருஷமா அவர் மருந்தடிச்ச துணியை இந்தக் கையாலதான் தோய்ச்சேன். தோல் உரியும், எரியும். சோப்புதான் ஒத்துக்கலைன்னு நினைச்சேன். சோப்பு மேல பழியைப் போட்டு எத்தனை சோப்பு மாத்தியிருக்கேன் தெரியுமா?”

சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் ஓரகத்தி இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

“அதனால நீ ஜெயிக்கணும்,” என்றாள் ஓரகத்தி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் திறந்தாள். “சொல்லு. நாலாவது செடி.”

நாலாவது செடியில் ஒன்றும் இல்லை. ஆறாவதில் ஒரு முட்டை. கடுகில் பாதிகூட இல்லை, முத்து மாதிரி வெள்ளை. ஒன்பதாவதில் ஒன்று. அதுவும் வெள்ளை.

வெள்ளை என்றால் உயிர்ப்போடு இருக்கிற முட்டை. நாளையோ மறுநாளோ புழு வெளியே வரும்.

பதினாறாவது செடியில் இரண்டு வெள்ளை. குளவிகள் என்ன ஆயின? மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டனவா? எட்டு அட்டை கட்டினாளே, அத்தனையும் வீணா?

இருபத்துமூன்றாவது செடி. இலையைத் திருப்பினாள்.

இலையை விடாமல் குனிந்தே நின்றாள்.

“என்னடி?”

“கருப்பு.”

“என்ன கருப்பு?”

“முட்டை கருப்பா இருக்குக்கா!”

உடனே கண்ணாடியை வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க பயமாக இருந்தது. கருப்பிலும் இரண்டு கருப்பு உண்டு. பொரியப் போகிற முட்டையிலும் கருப்பு தெரியும். ஆனால் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளியாக. அது புழுவின் தலை. குளவி உள்ளே போயிருந்தால் முட்டை முழுக்கக் கறுக்கும். இரண்டில் எது?

லென்ஸைக் கண்ணில் வைத்தாள். உடனே இறக்கி ஓரகத்தியிடம் நீட்டினாள்.

“அக்கா, நீங்க பாருங்க. என்னால முடியல.”

ஓரகத்தி வாங்கிப் பார்த்தாள். “மைப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கு. பளபளன்னு.”

“ஓரத்துல மட்டுமா, முழுசாவா?”

“முழுசா. ஒரு இடம் விடாம.”

சின்னவள் சேறென்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு துள்ளி எழுந்தாள். அதற்குப் பிறகு கால் தரையில் பாவவில்லை. இருபத்தைந்தில் மூன்று, மூன்றும் கருப்பு! இருபத்தெட்டில் இரண்டு, இரண்டும் கருப்பு! முப்பத்தொன்றில் நாலு! அவள் சொல்லச் சொல்ல ஓரகத்தியின் பேனா ஓடியது. நாற்பதாவது செடிக்கு வந்தபோது இருவரும் சின்னப் பிள்ளைகள் போலக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பது செடி முடிந்தது. மொத்தம் நாற்பத்தாறு முட்டை. முப்பத்தேழு கருப்பு. ஒன்பது வெள்ளை, அதில் பாதிக்கு மேல் அந்த வேலியோர மூலையில்.

மணி ஒன்பது ஐம்பது.

*

“கருப்பா இருந்தா பொரியப் போகுதுன்னு அர்த்தம்!” பெரியவர் மசியவில்லை. “எனக்குத் தெரியாதா? நான் பாக்காத முட்டையா?”

கொட்டகையில் மேஜையைச் சுற்றி மூவரும் நின்றார்கள். பெரியவரின் முட்டிவரை சேறு, முதுகில் இலைச் சருகு.

“உங்க கணக்கைச் சொல்லுங்க மாமா. இருநூறு காய்ல எத்தனை ஓட்டை?”

பெரியவர் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார்.

“சொல்லுங்களேன்,” என்றாள் அவர் மனைவி.

“மூணு.”

“முப்பதா?”

“மூணுன்னு சொன்னேன்ல! மூணு!”

சின்னவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நினைத்திருந்தால் பத்து என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? கோபம் வரும், பிடிவாதம் வரும். பொய் மட்டும் அவருக்கு வராது.

“மாமா, எட்டு நாளா பூச்சி பறக்குது. முட்டை பொரிய மூணு, நாலு நாள் போதும். குளவி வேலை செய்யலைன்னா இந்நேரம் எத்தனை ஓட்டை இருக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

பெரியவர் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். கணக்கு அவருக்குச் சாதகமாக வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“நம்ப முடியலையா? இருங்க.” சின்னவள் கறுத்த முட்டை ஒட்டியிருந்த ஆறேழு இலைகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டாள். வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் மாட்டி, லென்ஸையும் பக்கத்தில் வைத்தாள். “குளவி உள்ளே வளர எட்டு, ஒன்பது நாள் ஆகும். மழைக்கு முதல் நாள் வெச்ச முட்டையா இருந்தா இன்னிக்கோ நாளைக்கோ உள்ளே இருக்கறது வெளியே வரும். புழு வந்தா நீங்க ஜெயிச்சீங்க.”

“நான் இங்கேயேதான் இருப்பேன்,” என்று பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீ பாட்டிலை மாத்திட்டேன்னு வெச்சுக்க!”

சின்னவள் முகம் கழுவப் போனாள். பரிசோதகருக்குக் காட்ட வேண்டிய பதிவேட்டை எடுத்து வைக்க வேண்டும், கொட்டகையைப் பெருக்க வேண்டும். துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

“ஏம்மா!”

அந்தக் குரலைக் கேட்டுத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மறுபடி மயக்கமோ என்றுதான் முதலில் பயந்தாள். பெரியவர் ஸ்டூலை விட்டு எழுந்து, பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸை அதன்மேல் அழுத்திக்கொண்டு நின்றார்.

“நகருதும்மா! உள்ளே என்னவோ நகருது!”

“புழுவா மாமா?”

“புழு இல்லை. முட்டையில ஒரு ஓட்டை. அதுலேருந்து... தலை... இரு இரு... றெக்கை! றெக்கை இருக்கு! ஏய், இங்க வாடி, வந்து பாரு! இன்னொண்ணு வருது!”

ஓரகத்தி ஓடிவந்தாள். பாட்டிலின் உள்பக்கத்தில் தூசி மாதிரி ஏதோ ஊர்ந்தது. லென்ஸ் வழியே பார்த்தால் தூசிக்குக் கண் இருந்தது. கால் இருந்தது. நான்கு சின்னஞ்சிறு இறக்கைகள் இருந்தன. ஒரே முட்டையிலிருந்து இரண்டு வந்தன. பக்கத்து முட்டையிலும் ஒரு துவாரம் விழுந்தது.

“இத்தனூண்டு!” பெரியவர் மூச்சு வாங்கினார். “இத்தனூண்டு இருந்துக்கிட்டு அந்தத் தடியனைக் கருவிலேயே தீத்துட்டுதே! கடுகு சிறுத்தாலும்னு சும்மாவா சொன்னான்?”

பிறகு அவருடைய முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

“ஏம்மா, இதெல்லாம் நம்ம வயல்ல முன்னாடியும் இருந்திருக்குமா?”

சின்னவள் தயங்கினாள். “இருந்திருக்கும் மாமா.”

“நான் அடிச்ச மருந்துல...”

பெரியவர் பாட்டிலை மேஜைமேல் மெதுவாக வைத்தார். பிறகு கைபேசியை எடுத்து, லாரியோடு துறைமுகத்தில் நின்றிருந்த தம்பியைக் கூப்பிட்டார்.

“டேய், உன் பொண்டாட்டி படை திரட்டி வெச்சிருக்காடா! ஆமா, படை! சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, றெக்கை மட்டும் இருக்கு... என்னது? நான் குடிச்சிருக்கேனான்னா கேக்கறே?”

*

பரிசோதகர் சரியாக இரண்டு மணிக்கு வந்தார். குட்டையான பெண், ரப்பர் பூட்ஸ், தோளில் ஐஸ் பெட்டி. வணக்கத்துக்கும் தண்ணீருக்கும் மேல் ஒரு பேச்சு இல்லை. பதிவேட்டைப் புரட்டினார். காலி மருந்து டப்பாக்களை மூன்று முறை கழுவி, துளை போட்டு, பூட்டி வைத்திருந்த அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வயலில் இறங்கி, தானே பன்னிரண்டு இடம் தேர்ந்தெடுத்து, தக்காளியைப் பறித்துப் பைகளில் போட்டு முத்திரை வைத்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கொட்டகைக்குத் திரும்பும்வரை.

“நாற்பது நாளா ரசாயனம் அடிக்கலைன்னு எழுதியிருக்கீங்க,” என்றார் பரிசோதகர். “அப்ப இது என்ன?”

மேஜைக்குக் கீழே மஞ்சள் மூடி பாட்டில்.

சின்னவள் வாயெடுக்கும் முன்னால் பெரியவர் முன்னால் வந்தார்.

“அது நான் வாங்கினதுங்க. நேத்து சாயங்காலம். பூச்சியைப் பாத்து பயந்துட்டேன். இன்னிக்குக் காலைல அடிக்கறதா இருந்தேன். இவதான் தடுத்தா. சீல் உடைக்கல, பாருங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “பதினாலு நாள்னு போட்டிருக்குங்க அதுல. நான் படிச்சேன்.”

பரிசோதகர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை உடையவில்லை. பதிவேட்டில் ஏதோ எழுதினார்.

“இதைக் கடையில திருப்பிக் குடுத்துடுங்க,” என்றார். “வேலியோரத்துல வெள்ளை முட்டை இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?”

“அந்த நாலு வரிசைக்கு மட்டும் நுண்ணுயிர் மருந்து மேடம். புழு தின்னா புழுவுக்கு மட்டும் நோய் வரும். குளவிக்கு ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு, காத்தைப் பாத்து அடிப்போம்.”

முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “வியாழக்கிழமை வரேன். இன்னிக்கு எடுத்தது எப்படியும் தேறும்னு தோணுது. எனக்கு முக்கியம் அன்னிக்கு எடுக்கறதுதான். மூணு நாள், ஜாக்கிரதையா இருங்க.”

வண்டி தெருமுனை திரும்பும்வரை மூவரும் அசையாமல் நின்றார்கள். திரும்பியதும் ஓரகத்தி வீட்டுக்குள் ஓடினாள். பீரோவிலிருந்து தெளிப்பானின் மூக்கை எடுத்துக்கொண்டு வந்து, கணவனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பெரியவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அடிப்பாவி! அப்ப சாவி கிடைச்சிருந்தாலும் நான் வெறும் காத்தைத்தான் அடிச்சிருப்பேனா!”

*

நாலே முக்காலுக்கு வெயில் தணிந்தது. தேனீக்கள் கூட்டுக்குப் போய்விட்டன. நீளக்கை சட்டை, கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு ஓரகத்தி நின்ற கோலத்தைப் பார்த்து, “விண்வெளிக்குப் போறியா, வேலியோரம் போறியா?” என்று கேட்டார் பெரியவர். அவரை ஐம்பதடி தள்ளி வரப்பில் உட்கார வைத்திருந்தார்கள். காற்று இல்லை. சின்னவள் ஒரு பிடி உலர்ந்த புல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். நேராகக் கீழே விழுந்தது.

நான்கு வரிசையும் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஓரகத்தி முகமூடியைக் கழற்றி, “இவ்வளவுதானா?” என்றாள். குரலில் ஒரு பெருமிதம்.

அப்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வயல் வெண்டைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன, நீங்களும் ஆரம்பிச்சாச்சா? நல்லதாப் போச்சு. எனக்குக் காய்க்குக் காய் ஓட்டை. தாங்க முடியல. வீட்ல இருந்த மூணு மருந்தையும் ஒண்ணாக் கலந்துட்டேன்.”

“எப்ப அடிக்கப்போறீங்க?” சின்னவள் வேலியருகே ஓடினாள்.

“இப்பத்தான். டிரோன்காரனுக்குச் சொல்லியாச்சு. அஞ்சரைக்கு வந்துடுவான். மேல பறந்தே அஞ்சு நிமிஷத்துல மொத்த வயலும் அடிச்சுடுவானாம்!”

சின்னவளின் கண் தானாக வேலியை அளந்தது. இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு முள்கம்பி, ஒரு வாய்க்கால். அவ்வளவுதான். தலைக்கு மேலே பறந்து தெளிக்கிற மருந்து கம்பி வேலியைப் பார்த்து நிற்குமா? லேசாக ஒரு காற்று வீசினால் போதும். வியாழக்கிழமை மாதிரியிலும் அது இருக்கும். வயலில் இருக்கும் குளவிகளில் ஒன்றும் மிஞ்சாது.

கன்னத்தில் ஏதோ பட்டது. கழுத்து முடி அசைந்தது.

காற்று. வெண்டை வயலிலிருந்து தக்காளி வயலை நோக்கி.

“அண்ணே, இன்னிக்கு வேண்டாம். காத்து எங்க பக்கம் வீசுது. ஒரே ஒரு நாள் தள்ளிப் போடுங்க!”

“அது எப்படிம்மா? ஒரு நாள்ல மிச்ச காயும் போயிடும். உன் அட்டை, குளவி எல்லாம் உன் வயலோட வெச்சுக்க. என் பொழப்புல விளையாடாதே.”

“அவகிட்ட ஏன்யா கத்தறே? என்கிட்ட பேசு!”

பின்னாலிருந்து வந்தது பெரியவர் குரல். ஐம்பதடி தள்ளி உட்கார வைக்கப்பட்டவர் அதற்குள் வாய்க்காலைத் தாண்டி, முள்கம்பியைக் காலால் மிதித்துத் தாழ்த்தி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்.

“என்னங்க! அங்கே போகாதீங்க!” ஓரகத்தி அலறினாள்.

“இருபது நிமிஷம் இருக்குல்ல?” பெரியவர் திரும்பியே பார்க்கவில்லை. வெண்டைச் செடிக்கு முன்னால் மண்டியிட்டு முதல் இலையைத் திருப்பினார். “வாய்யா, வந்து உக்காரு. நீயும் நானும் சேர்ந்து எண்ணுவோம். எத்தனை முட்டை, எத்தனை புழு. எண்ணி முடிச்சும் அடிக்கணும்னு தோணிச்சுன்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

வெண்டைக்காரர் வாய்பிளந்து நின்றார். முப்பது வருஷமாக இந்த வட்டாரத்துக்கே மருந்துக் கலவை சொல்லிக் கொடுத்த மனிதர், இன்று தன் வயலில் மண்டியிட்டு இலை திருப்புகிறார்!

“ஒண்ணு,” என்றார் பெரியவர்.

வெண்டைக்காரர் மெல்ல, அரை மனதோடு, பக்கத்தில் குந்தினார். சின்னவள் புடவை கிழிந்தாலும் பரவாயில்லை என்று கம்பி வேலிக்குள் நுழைந்தாள்.

அப்போது பெருந்தெருவிலிருந்து பிரிந்த ஒரு சின்ன வேன், மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து, வெண்டை வயலின் வாசலில் நின்றது. மணி ஐந்து பத்துதான். டிரோன்காரன் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான். பின்கதவைத் திறந்து, கீழே இறங்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி அவன் வயலைப் பார்த்துக் கத்தினான்.

“மழை மேகம் திரும்புதுங்க! இப்பவே டிரோனைப் பறக்க விடட்டுமா?”

வெண்டைக்காரர் வேனைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

“ரெண்டு,” என்றார் பெரியவர், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.